கார்பன் தடம்: தொழிற்கூடத்தின் இன்னொரு பேரேடு

அண்மையில் முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கடிதத்துடன் நம் கிளைக்கு வந்தார். பல ஆண்டுகளாக அவரிடம் சரக்கு வாங்கிவரும் அயல்நாட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம் அது. விலையைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. 'ஒரு கிலோ பருப்பை ஆயத்தம் செய்ய உங்கள் கூடம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது? ஸ்கோப் 1, ஸ்கோப் 2 எனப் பிரித்து, குறித்த நாளுக்குள் தெரிவிக்கவும்' என்பதே கேள்வி. நம் வாடிக்கையாளர் திகைத்துப் போயிருந்தார். கூரை முழுவதும் சூரிய மின்தகடு பொருத்திவிட்டால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று எவரோ கூறியிருந்தனர். அதற்கான கடன் விண்ணப்பமும் அவர் கையில் இருந்தது.

கடன் வழங்குவது நம் தொழில். ஆயினும் அன்று நாம் அவரிடம் முதலில் கேட்டது விண்ணப்பத்தை அன்று. மின்கட்டண ரசீதுகளையும் டீசல் பில்களையுமே. காரணம் எளிது. வாங்குபவர் கேட்டது ஓர் எண்ணை. மின்தகடு எண்ணைக் குறைக்க உதவும்; எண்ணைக் கண்டறிந்து தராது. கணக்கு எழுதாமல் இலாபம் எவ்வளவு என்று சொல்ல இயலாதது போலவே, அளவிடாமல் கார்பன் தடம் எவ்வளவு என்றும் சொல்ல இயலாது. வணிகக் கணக்கியல் பயின்ற நமக்கு இதில் புதிதாக அஞ்ச வேண்டியது ஏதுமில்லை. இதுவும் ஒரு பேரேடே. இதற்கான சான்றுச் சீட்டுகள் பெரும்பாலும் நம் கோப்பிலேயே இருக்கின்றன.

மூன்று தலைப்புகள்

ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டால் காற்றில் சேரும் பசுங்குடில் வாயுக்களின் மொத்த அளவே அதன் கார்பன் தடம். கரியமில வாயுவுடன் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, குளிர்பதன வாயுக்கள் முதலியனவும் இதில் அடங்கும். அனைத்தையும் கரியமில வாயுவுக்கு நிகரான எடையாக மாற்றி, கிலோவிலோ டன்னிலோ எழுதுகிறோம். பல நாட்டு நாணயங்களை ரூபாயாக மாற்றி ஒரே பேரேட்டில் எழுதுவதைப் போன்றது இது.

இக்கணக்கை எழுதும் முறைக்கு இன்று உலகெங்கும் அடிப்படையாக விளங்குவது 'பசுங்குடில் வாயு நெறிமுறை'. உலக வள நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் இணைந்து 2001இல் இதன் நிறுவனங்களுக்கான முதல் பதிப்பை வெளியிட்டன. சான்றளிப்புக்குரிய பன்னாட்டுத் தரமாக ஐ.எஸ்.ஓ. 14064 இருக்கிறது. நெறிமுறை உமிழ்வை மூன்று தலைப்புகளில் பிரிக்கிறது.

ஸ்கோப் 1: நம் கூடத்திலேயே, நம் வண்டியிலேயே நாம் எரிப்பது. ஜெனரேட்டர் டீசல், எரிவாயு உருளை, கொதிகலனின் எரிபொருள், குளிர்சாதனத்திலிருந்து கசியும் வாயு ஆகியன.

ஸ்கோப் 2: நாம் விலைக்கு வாங்கும் மின்சாரம். புகை எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எழுகிறது. ஆயினும் அது எழக் காரணம் நம் சுவிட்ச்.

ஸ்கோப் 3: நமக்கு முன்னும் பின்னும் உள்ள சங்கிலி. மூலப்பொருள், கப்பல், லாரி, பெட்டி, தொழிலாளர் பயணம், விற்ற பொருளின் பயன்பாடு, கழிவு என நெறிமுறை இதனைப் பதினைந்து வகைகளாக விரிக்கிறது.

மூன்றாவது தலைப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உண்டு. பாலராமபுரத்தின் குழித்தறியில் நெய்யப்படும் கைத்தறித் துணிக்கு, நெய்யும் வேளையில் மின்சாரம் ஏறத்தாழ வேண்டியதில்லை. ஆனால் நூல் எங்கோ ஓர் ஆலையில் மின்சாரத்தால் நூற்கப்பட்டது. தறியை மட்டும் பார்த்தால் தடம் சுழி. நூலையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். முந்திரியிலும் அவ்வாறே. பச்சைக் கொட்டையின் பெரும்பங்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. அந்தக் கணக்கை ஒரே நாளில் எழுதிவிட இயலாது. ஆகவே முதல் ஆண்டில் முதலிரண்டு தலைப்புகளைப் பழுதின்றி எழுதி, மூன்றாவதில் பெரிய இனங்களிலிருந்து தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு கோடு இருந்துவருகிறது. கூடம் ஒரு புறமும் வீடு மறுபுறமுமாக வாழும் வாடிக்கையாளர்கள் நம்மில் பலர். இவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: 'கேரளத்தில் நீர்மின்சாரம்தானே? எங்கள் கூடம் பாறசாலையில் இருக்கிறது. எங்கள் மின்சாரத்திற்குக் கார்பன் குறைவாகத்தானே வரும்?'

கேரளம் தானே உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் நீர்மின்சாரமே முதன்மையானது என்பது உண்மை. ஆனால் மாநிலம் தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. மேலும் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் உயரழுத்தத் தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய பகுதிகளுடன் இணைக்கப்பட்டது. அன்று முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே மின்தொகுப்பு. எனவே மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரே சராசரிக் காரணியை வெளியிடுகிறது. 2023-24ஆம் ஆண்டிற்கு அது ஓர் அலகுக்கு 0.727 கிலோ. பாறசாலையில் கேரள மின்வாரியத்தின் ரசீதானாலும், களியக்காவிளையில் தமிழக மின்வாரியத்தின் ரசீதானாலும், அலகைப் பெருக்க வேண்டிய எண் ஒன்றே.

டீசலிலும் இதே பாடம் உண்டு. எல்லையைக் கடந்தால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும் என்பதால் வண்டிகள் அப்புறம் சென்று நிரப்பி வருவதை நாம் அறிவோம். பணப் பேரேட்டில் அது சேமிப்பு. கார்பன் பேரேட்டில் எப்புறம் நிரப்பினாலும் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயுதான். ஆகவே பில்லில் உள்ள ரூபாயை அன்று, லிட்டரையே குறித்து வைக்க வேண்டும். மின்சாரத்திலும் கட்டணத்தை விட்டு அலகையே எழுத வேண்டும். புதிதாகக் கணக்கு எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் தவறுமிடம் இதுதான்.

ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம்

மேற்சொன்ன வாடிக்கையாளரின் கணக்கை இங்கே வெளியிடுவது வங்கி மரபன்று. எனவே ஒரு கற்பனைக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 டன் பருப்பு ஆயத்தம் செய்யும் முந்திரிக் கூடம் அது. கொட்டையை நீராவியில் வேகவைத்து, வெட்டி, போர்மாவில் உலர்த்தி, தோல் நீக்கித் தரம் பிரிக்கிறது. அதன் ஓராண்டுப் பயன்பாடு பின்வருமாறு என்று கொள்வோம்.

மின்சாரம் 60,000 அலகு. 0.727ஆல் பெருக்க, 43,620 கிலோ.
ஜெனரேட்டர் டீசல் 3,000 லிட்டர். 2.68ஆல் பெருக்க, 8,040 கிலோ.
சொந்த வண்டிகளின் டீசல் 2,000 லிட்டர். அதே காரணியால், 5,360 கிலோ.
எரிவாயு, 19 கிலோ உருளைகள் 100, அதாவது 1,900 கிலோ. கிலோவுக்குச் சுமார் 3 கிலோ வீதம், 5,700 கிலோ.

ஸ்கோப் 1 மொத்தம் 19,100 கிலோ. ஸ்கோப் 2 மொத்தம் 43,620 கிலோ. இரண்டும் சேர்ந்து 62,720 கிலோ, அதாவது 62.7 டன். இதனை 2,40,000 கிலோ பருப்பால் வகுத்தால், ஒரு கிலோவுக்குச் சுமார் 0.26 கிலோ. கடிதம் கேட்ட எண் இவ்வளவே. நான்கு வகைப் பில்களும் ஒரு கால்குலேட்டரும் போதுமானவையாக இருந்தன.

இக்கணக்கில் சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். கொதிகலனில் எரிக்கும் முந்திரி ஓடு மரத்திலிருந்து வந்தது. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமே எரியும்போது திரும்புகிறது. எனவே நெறிமுறைப்படி அந்தக் கரியமில வாயுவை மொத்தத்தில் சேர்க்காமல் தனிக் குறிப்பாகக் காட்ட வேண்டும். அதனோடு எழும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் ஸ்கோப் 1இல் சேர்க்க வேண்டும். அவை அளவில் சிறியவையாதலால் நம் எடுத்துக்காட்டில் விட்டுவிட்டோம். ஆனால் கார்பன் கணக்கில் சேராது என்பதற்காக ஓட்டுப் புகை தீங்கற்றதாகிவிடாது. அண்டை வீட்டாரின் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகள் தனியே உண்டு.

குளிர்பதன வாயு மற்றொன்று. குளிரூட்டிகளில் பயன்படும் ஆர்-410ஏ வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் சுமார் 2,000 மடங்கு வெப்பமூட்டும். ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 750 லிட்டர் டீசல் எரித்ததற்கு ஒப்பாகும். 'ஆண்டுதோறும் கொஞ்சம் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தக் கொஞ்சத்தையும் மெக்கானிக்கின் பில்லில் எடையாகக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை ஆண்டும் தேவை. கூடம் வழக்கம்போல் இயங்கிய ஆண்டாக அது இருத்தல் வேண்டும். பொதுமுடக்கத்தால் வேலை நின்றிருந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டால், பின்வரும் ஒவ்வோர் ஆண்டும் உமிழ்வு பெருகியதாகவே தோன்றும். மொத்த எண், கிலோவுக்கான எண் ஆகிய இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும். உற்பத்தி பெருகினால் மொத்தம் ஏறும். கிலோவுக்கான எண் குறையவும் கூடும். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் காட்டுவது நேர்மையான கணக்காகாது.

குறைப்பது எவ்வாறு?

பேரேடு எழுதியதும் செலவு எங்கே கனக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நம் எடுத்துக்காட்டில் பத்தில் ஏழு பங்கு மின்சாரத்தில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்க வேண்டும். அதிலும் முதலில் வீணைத் தடுக்க வேண்டும். பிறகே புதியதை வாங்க வேண்டும்.

வேலை முடிந்து எல்லா இயந்திரங்களையும் நிறுத்திய பின், காற்றழுத்த இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். அது அடிக்கடி விழித்து உறுமினால், குழாயில் எங்கோ காற்று கசிகிறது. நிறம் பிரிக்கும் இயந்திரத்திற்கும் வெட்டும் இயந்திரத்திற்கும் செல்லவேண்டிய அழுத்தக் காற்று, மின்கட்டணமாகக் கரைகிறது. நீராவிக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை இடுதல், குளிர்ந்து திரும்பும் வெந்நீரைக் கொதிகலனுக்கே மீண்டும் ஊட்டுதல் ஆகியன எரிபொருளைக் குறைக்கும். கொதிகலனுக்குச் செல்லும் நீரின் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் கூடினால் எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சமாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பழுதான மோட்டாருக்கு மீண்டும் மீண்டும் கம்பி சுற்றுவதைவிட, ஐ.இ.3 தர மோட்டாராக மாற்றுவது மேல்.

ஜெனரேட்டர் தனிக் கவனம் வேண்டுவது. ஒரு லிட்டர் டீசலில் மூன்று அலகு அளவிலேயே மின்சாரம் கிடைக்கிறது என்று கொண்டால், அலகுக்கு உமிழ்வு 0.9 கிலோ, எரிபொருள் செலவே முப்பது ரூபாயைத் தொடும். மின்தடை நேரத்தில் எல்லா இயந்திரங்களையும் ஓட்ட வேண்டியதில்லை. கையால் செய்யும் தரம்பிரிப்பை அந்நேரத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றால் மின்சாரத்தில் பத்து சதவீதமும் டீசலில் 1,000 லிட்டரும் குறைந்தன என்று வைத்துக்கொள்வோம். முறையே 4.36 டன்னும் 2.68 டன்னும் மிச்சம். தவிர்த்த 6,000 அலகை உற்பத்தி செய்ய ஏறத்தாழ 4 கிலோவாட் மின்தகடு வேண்டியிருந்திருக்கும். வீணைத் தடுக்காமல் தகடு பொருத்தியிருந்தால், கசிவுக்கு மின்சாரம் கொடுக்கக் கடன் வாங்கியவராவோம்.

அடுத்தே சூரிய மின்சாரம் வருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு என்பது வழக்கமான மதிப்பீடு. இடவப்பாதி மழைக்காலத்தில் இது குறையும். 10 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 14,600 அலகு தரும் எனில், 10.6 டன் குறையும். மூன்றும் சேர்ந்து 17.6 டன்னுக்குச் சற்று மேல். அதாவது தொடக்க அளவில் 28 சதவீதம். கிலோவுக்கான எண் 0.26இலிருந்து 0.19ஆக இறங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைக் கொண்டு முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளிலிருந்து மின்சாரம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. அவ்வாறு வாங்குவோர் மின்தொகுப்பின் சராசரிப்படி ஒரு கணக்கும், ஒப்பந்தப்படி மற்றொரு கணக்கும் காட்ட வேண்டும் என்று நெறிமுறை கூறுகிறது.

தூத்துக்குடி தரும் பாடம்

பெரிய ஆலை ஒன்று இதனை எவ்வாறு கையாண்டது என்பதற்குத் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனம் நல்ல சான்று. சோடா சாம்பல் செய்யும் இந்த ஆலைக்குக் கரியமில வாயுவே ஒரு மூலப்பொருள். அதே ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் கரியமில வாயுவைப் புகைபோக்கி வழியே விட்டுக்கொண்டிருந்தது. ஐ.ஐ.டி. கரக்பூரில் பயின்ற இளைஞர் இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் கரைப்பானைக் கொண்டு, புகையிலிருந்தே அவ்வாயுவைப் பிரித்தெடுக்கும் அமைப்பு 2016இன் இறுதியில் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் என்பது அதன் திட்ட அளவு. அரசு மானியம் ஏதுமின்றி அமைந்தது என்பதே உலகின் கவனத்தை ஈர்த்தது. பூமியைக் காக்கும் எண்ணத்தால் அன்று, மூலப்பொருள் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே இதில் இறங்கியதாக அதன் நிர்வாக இயக்குநர் அப்போது வெளிப்படையாகக் கூறினார்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. செலவுப் பக்கத்தில் ஒரு பொருளை வாங்கிக்கொண்டும், கழிவுப் பக்கத்தில் அதையே இழந்துகொண்டும் இருப்பது, இரண்டு பக்கங்களையும் ஒரே ஏட்டில் எழுதினால்தான் தெரியும் என்பது முதலாவது. சோடா சாம்பல் கண்ணாடி உலையில் உருகும்போது அதிலுள்ள கரியமில வாயு மீண்டும் காற்றில் கலக்கிறது என்பது இரண்டாவது. ஆகவே பிடித்ததெல்லாம் என்றென்றும் மறைந்துவிட்டது என்று எழுதுவது சரியன்று. ஒரு முறை வெளியேறியது இரண்டாம் பயனைத் தந்தது என்பதே முறையான பதிவு. குறைத்தோம் என்று சொல்லும்போது, எதை, எவ்வளவு காலத்திற்கு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நம்பிக்கையைத் தரும்.

இதற்கு என்ன அவசரம்?

சட்டம் இன்று சிறு கூடங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி இரும்பு எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கே உரியது. முந்திரி அப்பட்டியலில் இல்லை. செபியின் பொறுப்பு வணிக அறிக்கை, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கே 2022-23 முதல் கட்டாயம். ஆனால் பெரிய நிறுவனத்தின் ஸ்கோப் 3 என்பது அதற்குச் சரக்கு தரும் சிறிய நிறுவனத்தின் ஸ்கோப் 1, 2 ஆகும். ஆகவே கேள்வி சட்டத்தின் வழியாக அன்று, கொள்முதல் கடிதத்தின் வழியாக நம்மை வந்தடைகிறது. பதில் இல்லாதவர் ஒரு நாள் வாடிக்கையாளரை இழக்க நேரிடும். அவரிடம் வேலை செய்யும் பெண்களின் கூலியும் அத்துடன் நிற்கும்.

வங்கிகளுக்கும் இதே கேள்வி உண்டு. நாம் கடன் தந்த தொழில்களின் உமிழ்வு நம்முடைய ஸ்கோப் 3இல் சேரும். ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்புநிதி நெறிமுறைகள் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவ்வாறு திரட்டும் நிதியை எந்தத் திட்டங்களுக்கு அளித்தோம் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். உங்கள் கூடத்தின் எண் சீராக இருந்தால், உங்கள் விண்ணப்பத்தை மதிப்பிடுவது எங்களுக்கும் எளிதாகும்.

உதவிக்கும் இடமுண்டு. கேரளப் பகுதியினர் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள எரிசக்தி மேலாண்மை மையத்தை அணுகலாம். தமிழகப் பகுதியினருக்கு மின் ஆய்வுத் துறை உரிய அமைப்பு. மத்திய அரசின் இசட்.இ.டி. சான்றிதழ்த் திட்டத்தில் சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறு தொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மானியம் உண்டு.

தொடங்குவதற்கு வேண்டியது ஒரு கோப்பு. மாதம் ஒரு தாள். மின்சாரம் எத்தனை அலகு, டீசல் எத்தனை லிட்டர், எரிவாயு எத்தனை கிலோ, உற்பத்தி எத்தனை கிலோ என்ற நான்கு வரிகள். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடித்தால் நிதியாண்டுக் கணக்குடன் அதுவும் நிறைவுறும். அந்தப் பன்னிரண்டு தாள்களுடன் கிளைக்கு வாருங்கள். எவ்வளவு கடன் தேவை என்பதையும், எதற்குக் கடனே தேவையில்லை என்பதையும் அமர்ந்து பேசுவோம். நம் முந்திரி வாடிக்கையாளர் தம் பதிலைக் குறித்த நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டார். அவருடைய கடன் விண்ணப்பம், முதலில் எழுதியதைவிடச் சிறிய தொகைக்கு, இப்போது பரிசீலனையில் இருக்கிறது.